கல் நடும் முன் மக்களைக் கேளுங்கள்!

வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம் ரயில் நிலையங்களில் விடியும் முன்பே ஒரு கூட்டம் நிற்கும். சென்னைக்குச் செல்லும் ஏலகிரி எக்ஸ்பிரசைப் பிடிக்க நிற்கும் கூட்டம் அது. பெரியமேட்டுக்குத் தோல் வியாபாரமாகப் போகிறவர், அலுவலகத்துக்குப் போகிறவர், தேர்வு எழுதப் போகும் மாணவி, வழக்குக்காக உயர்நீதிமன்றத்துக்குப் போகும் முதியவர் என எல்லோரும் அதில் இருப்பார்கள். இரவு வீடு திரும்பும்போது பிள்ளைகள் தூங்கியிருக்கும். மறுநாள் விடிவதற்குள் மீண்டும் புறப்பட வேண்டும். சீசன் டிக்கெட்டோடு ஓடிக்கொண்டிருக்கும் பலருக்கு இதுவே வாழ்க்கை.

மேல்விஷாரத்தாருக்கும் ஆற்காட்டாருக்கும் பேரணாம்பட்டாருக்கும் இந்த அளவு வசதி கூட இல்லை. அந்த ஊர்களில் ரயில் நிலையமே கிடையாது. ரயிலில் ஏறுவதற்கு முதலில் பேருந்தில் ஏற வேண்டும்!

இந்த நிலையில்தான் ஓர் அறிவிப்பு வந்தது. 2025 மார்ச் 14 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் வாசிக்கப்பட்ட நிதிநிலை அறிக்கையில், மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் செல்லும் மித அதிவேக மண்டல ரயிலுக்கு மூன்று வழித்தடங்களில் சாத்தியக்கூறு ஆய்வு செய்யப்படும் என்று அரசு சொன்னது. சென்னையிலிருந்து செங்கல்பட்டு, திண்டிவனம் வழியாக விழுப்புரத்துக்கு 167 கி.மீ. சென்னையிலிருந்து காஞ்சிபுரம் வழியாக வேலூருக்கு 140 கி.மீ. கோவையிலிருந்து திருப்பூர், ஈரோடு வழியாகச் சேலத்துக்கு 185 கி.மீ.

இந்த அறிவிப்பை நாம் மனதார வரவேற்கிறோம். ரயில் வந்தால் யாருக்கு நன்மை? வேலூர் மருத்துவமனைக்கு வரும் நோயாளிக்கு நன்மை. ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் இளைஞனுக்கு நன்மை. காஞ்சிபுரத்து நெசவாளிக்கு நன்மை. ராணிப்பேட்டையில் காலணி தைக்கும் பெண்ணுக்கு நன்மை. ரயில் பெட்டியில் ஏறுகிறவரின் மதத்தையோ சாதியையோ யாரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் பயன்படும் ஒரு திட்டத்தை எல்லோரும் சேர்ந்தே கேட்க வேண்டும்.

ஆனால் வரவேற்பு வேறு, வாய்மூடி இருப்பது வேறு. இந்தப் பாதை எந்த ஊர் வழியாகப் போகும்? எங்கே நிற்கும்? யார் நிலத்தை எடுக்கும்? என்ன கட்டணம் வாங்கும்? இந்த நான்கு கேள்விகளையும் தீர்மானிக்கும் மேஜையில் மக்களுக்கு ஒரு நாற்காலி உண்டா? நம்முடைய கேள்வி இதுதான்.

170 ஆண்டுப் பாடம்

தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் எங்கே ஓடியது என்று நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். 1856 ஜூலை 1 அன்று சென்னை ராயபுரத்திலிருந்து புறப்பட்ட அந்த ரயில் வந்து நின்ற இடம் வாலாஜா ரோடு. சுமார் 100 கி.மீ. தூரம். தென்னிந்திய ரயில் வரலாறு தொடங்கியதே நம் வட ஆற்காட்டு மண்ணில்தான்!

ஆனால் நடந்தது என்ன? பாதை பாலாற்றின் வடகரையிலேயே காட்பாடிக்குப் போனது. தென்கரையிலிருந்த ஆற்காடும் மேல்விஷாரமும் ஒதுங்கிப்போயின. வேலூர் நகரத்துக்குக் கூடப் பிரதான பாதை வரவில்லை. இன்றும் வேலூருக்கு வருகிறவர் காட்பாடியில் இறங்கி, ஆற்றைக் கடந்துதான் ஊருக்குள் வருகிறார். கோடு போட்டவர்கள் வெள்ளைக்காரக் கம்பெனிக்காரர்கள். அவர்கள் நம் பாட்டன்மார்களைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. அன்று வரைபடத்தில் ஒரு கோடு கொஞ்சம் தள்ளி விழுந்தது. 170 ஆண்டுகளாக நம் ஊர்கள் அதற்கு விலை கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

ரயில் பாதை என்பது சாலை போன்றதல்ல. சாலையில் எங்கே கைகாட்டினாலும் பேருந்து நிற்கலாம். ரயிலுக்கு நிலையம் எங்கே என்று ஒருமுறை முடிவானால், பேரப்பிள்ளைகள் காலத்திலும் அது மாறாது. வேகம் கூடக்கூட நிலையங்களின் எண்ணிக்கை குறையும். ஆகவே நிலையம் கேட்க வேண்டிய காலம் பாதை போட்ட பிறகு அல்ல. ஆய்வு நடக்கும் காலமே அதற்கு உரிய காலம்.

சட்டம் கேட்கச் சொல்லவில்லை!

'அரசாங்கம் எப்படியும் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். இது தவறான நம்பிக்கை.

2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் 2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிலம் எடுக்கும் முன் சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும், பாதிக்கப்படும் மக்களைக் கூட்டிக் கேட்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் உயிரான பகுதி. ஆனால் அதே சட்டத்தின் நான்காம் அட்டவணையில் 13 சட்டங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. ரயில்வே சட்டமும் மெட்ரோ ரயில் கட்டுமானச் சட்டமும் அந்தப் பட்டியலில் உண்டு. அந்தச் சட்டங்களின்படி நிலம் எடுத்தால் இழப்பீடும் மறுவாழ்வும் 2013 சட்டப்படி கிடைக்கும். மக்களைக் கேட்கும் கடமை மட்டும் கிடையாது. சுற்றுச்சூழல் அனுமதிக்காக நடக்கும் கருத்துக் கேட்புக்கும் வழியில்லை. 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின் பட்டியலில் நெடுஞ்சாலை இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது, ரயில் பாதை இல்லை.

இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். டில்லி - மீரட் மண்டல ரயிலுக்கு ஆசிய வளர்ச்சி வங்கி கடன் கொடுத்தது. பாதிக்கப்படும் மக்களோடு கலந்து பேச வேண்டும் என்பது அந்த வங்கியின் நிபந்தனைகளில் ஒன்று. கடன் கொடுக்கும் வங்கிக்குத் தோன்றுகிற நியாயம், வரி கொடுக்கும் மக்களின் சட்டத்தில் ஏன் இல்லை?

சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதற்காக அரசு கேட்கக் கூடாது என்று பொருளல்ல. கேட்பதற்கு எந்தத் தடையும் இல்லை. மனம்தான் வேண்டும். அந்த மனத்தை உண்டாக்குவது மக்களின் குரல்.

கேட்காமல் செய்தால் என்ன ஆகும்?

'மக்களைக் கேட்டுக்கொண்டிருந்தால் திட்டம் நடக்குமா? தாமதம் ஆகாதா?' என்று அதிகாரிகள் கேட்பதுண்டு. அனுபவம் இதற்கு நேர்மாறாக இருக்கிறது.

சென்னை வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குப் பறக்கும் ரயிலை நீட்டும் பணி 2008ல் தொடங்கியது. மொத்தம் 5 கி.மீ. தூரம். ஆதம்பாக்கம் பகுதியில் சுமார் 500 மீட்டர் தூரத்துக்கான நிலத்தின் இழப்பீட்டில் தகராறு வந்து நீதிமன்றம் போனது. அந்த அரை கிலோ மீட்டருக்காக 5 கி.மீ. பாதையும் பத்தாண்டுக்கு மேல் முடங்கியது. எழுப்பிய தூண்கள் வெயிலில் நின்றன. பயணிகள் பேருந்தில் நின்றார்கள்.

2018ல் சேலம் - சென்னை எட்டு வழிச்சாலைக்காகக் கல் நட்ட காட்சிகளைத் தமிழகம் மறக்காது. வயலில் விழுந்து புரண்டு அழுத தாய்மார்களை நாம் பார்த்தோம். 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர்நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிக்கையை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்சநீதிமன்றம் புதிதாக அறிவிக்கை வெளியிட்டு நிலம் எடுக்கலாம் என்றது. ஆண்டுகள் நீதிமன்றத்தில் கழிந்தனவே தவிர, அவசரம் என்று சொல்லப்பட்ட சாலை வரவில்லை.

அண்டை மாநிலமான கேரளத்தில் காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை சுமார் 530 கி.மீ.க்கு சில்வர்லைன் ரயில் திட்டம் வந்தது. மதிப்பீடு 63,941 கோடி ரூபாய். 2022ல் வீட்டு வாசலிலும் தோட்டத்திலும் மஞ்சள் கற்களை நட்டார்கள். மக்கள் பிடுங்கி எறிந்தார்கள். போலீஸ் வந்தது. கடைசியில் கல் நடுவதையே கைவிட்டார்கள். நிலமெடுப்புக்காக அமர்த்திய ஊழியர்களையும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அங்கே ரயில் வேண்டாம் என்று மக்கள் போராடவில்லை. எங்கள் வீடு போகிறது என்பதை எங்கள் வாசலில் கல் விழுந்த பிறகா நாங்கள் தெரிந்துகொள்வது என்றுதான் கேட்டார்கள்.

நம் வீட்டில் ஒரு நிக்காஹ் என்றால் கூட, மஷ்வரா செய்யாமல் நாள் குறிப்போமா? பெரியவர்களைக் கேட்கிறோம், சம்பந்திகளைக் கேட்கிறோம், பெண்ணின் சம்மதத்தைக் கேட்கிறோம். ஒரு ஊரின் தலையெழுத்தையே மாற்றும் பாதைக்கு மஷ்வரா வேண்டாமா?

என்ன கேட்க வேண்டும்?

முதலில் கட்டணம். டில்லி - மீரட் ரயிலின் முதற்பகுதி 2023 அக்டோபர் 20 அன்று திறக்கப்பட்டது. 2025 ஜனவரியில் அது 55 கி.மீ.க்கு நீட்டப்பட்டபோது, அந்தத் தூரத்துக்குச் சாதாரண வகுப்புக் கட்டணம் 150 ரூபாய். போக வர 300 ரூபாய். தொழிற்சாலைத் தொழிலாளி தினமும் 300 ரூபாயை ரயிலுக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு எதைக் கொண்டுபோவான்? 82 கி.மீ. டில்லி - மீரட் பாதையின் மதிப்பீடு 30,274 கோடி ரூபாய். அதே கணக்கைப் போட்டால் 140 கி.மீ. வேலூர் பாதைக்கு 50 ஆயிரம் கோடியைத் தாண்டும். அந்தக் கடனை ரயிலில் ஏறாதவரும் சேர்ந்துதான் அடைக்கப் போகிறார். அப்படியிருக்க, ரயில் வசதியானவர்களுக்கு மட்டும் ஓடுவது எந்த நியாயம்? மாத சீசன் டிக்கெட், மாணவர் சலுகை, முதியோர் சலுகை ஆகியவற்றைத் திட்ட அறிக்கையிலேயே எழுத வேண்டும்.

இரண்டாவது நிலையங்கள். ஊருக்கு வெளியே பல கி.மீ. தள்ளி, மனை வியாபாரிகளுக்கு வசதியான இடத்தில் நிலையம் வைத்தால் அது ஊருக்குப் பயன்படாது. ஆற்காடு - மேல்விஷாரம் பகுதிக்கு இந்த முறையாவது ஒரு நிலையம் வேண்டும். வேலூரில் நிலையம் ஆற்றுக்கு எந்தக் கரையில் என்பதும் இப்போதே பேசப்பட வேண்டும். நிலையத்திலிருந்து பேருந்து நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் இணைப்பு வேண்டும்.

மூன்றாவது வேலூருக்கு அப்பால் உள்ளவர்கள். வேலூரிலிருந்து ஆம்பூர் 50 கி.மீ. அளவில் இருக்கிறது. வாணியம்பாடி அதற்கும் அப்பால். அந்நியச் செலாவணி ஈட்டித் தரும் தோல் தொழில் ஊர்கள் இவை. பாதை வேலூரோடு நிற்பதானால், அங்கிருந்து இந்த ஊர்களுக்கு நேரம் பொருந்தும்படி இணைப்பு ரயில்கள் வேண்டும். இப்போதுள்ள சாதாரண ரயில்களை, 'புதிய ரயில்தான் இருக்கிறதே' என்று சொல்லி நிறுத்திவிடக் கூடாது. ஏழையின் ரயிலை நிறுத்தித்தான் வேக ரயிலை ஓட்ட வேண்டும் என்றால், அது முன்னேற்றமல்ல.

நான்காவது நிலம். விவசாயியின் நஞ்சை, நெசவாளியின் வீடு, தலித் மக்களின் பஞ்சமி நிலம், கோயில் நிலம், கல்லறைத் தோட்டம், கபரஸ்தான் - எது பாதையில் வந்தாலும், மாற்று வழி உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். மாற்று வழியே இல்லையென்றால் நியாயமான இழப்பீடு, நிலம் எடுக்கும் முன்பே கையில் கிடைக்க வேண்டும். வாடகைக் கடைக்காரருக்கும் குத்தகைதாரருக்கும் அதில் பங்கு வேண்டும்.

நம் கடமை என்ன?

கோரிக்கை வைப்பது எளிது. 'ரயில் வேண்டும், ரயில் வேண்டும்' என்று கோஷம் போட்டுக் கலைவதும் எளிது. இன்றைய காலத்தில் கோஷத்தைவிடக் கணக்கு பேசும்.

2025 நவம்பரில் கோவை, மதுரை மெட்ரோ ரயில் திட்டங்களை மத்திய அரசு திருப்பி அனுப்பியது. மக்கள்தொகை 20 லட்சத்துக்குக் குறைவு என்றார்கள். பயணிகள் எண்ணிக்கை பற்றிய மதிப்பீட்டிலும் சந்தேகம் எழுப்பினார்கள். அந்த முடிவு சரியா தவறா என்ற அரசியல் வாதம் ஒருபுறம் இருக்கட்டும். அதில் நமக்கொரு பாடம் இருக்கிறது. எத்தனை பேர் பயணம் செய்வார்கள் என்பதற்கு அசைக்க முடியாத ஆதாரம் இல்லாவிட்டால், டில்லியில் கோப்பு மூடப்பட்டுவிடும். அந்த ஆதாரம் ஊர் மக்களாகிய நம்மிடம் இருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும், ஊர் வணிகர் சங்கமும், கல்லூரி மாணவர்களும் சேர்ந்து ஒரு கணக்கெடுப்பு நடத்த வேண்டும். நம் ஊரிலிருந்து தினமும் வெளியூர் போகிறவர்கள் எத்தனை பேர்? எந்த ஊருக்கு? எத்தனை மணிக்குப் புறப்படுகிறார்கள்? மாதம் எவ்வளவு செலவு செய்கிறார்கள்? வசதி இல்லாததால் படிப்பை, வேலையை விட்ட பெண்கள் எத்தனை பேர்? ஒரு தாளில் அடங்கும் கேள்விகள்தான் இவை. ஜமாஅத் மட்டும் தனியாகச் செய்ய வேண்டாம். பக்கத்துத் தெரு கோயில் நிர்வாகத்தாரையும் தேவாலயத்தாரையும் தொழிற்சங்கத்தாரையும் அழைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஊரே சேர்ந்து கொடுக்கும் கணக்கை எந்த அதிகாரியாலும் ஒதுக்க முடியாது.

அடுத்து, ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபைகளில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். நகராட்சிகளில் உறுப்பினர்கள் மூலம் மன்றத்தில் வையுங்கள். சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்குக் கையொப்பம் வாங்குங்கள். ஆய்வு அறிக்கை என்ன சொல்கிறது என்பதை 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் கேளுங்கள். அறிக்கையைத் தமிழில், வரைபடத்தோடு வெளியிடச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் இருக்கும் நூற்றுக்கணக்கான பக்கங்களைச் சென்னையில் ஓர் அலமாரியில் வைத்துவிட்டு, மக்களுக்குத் தெரிவித்துவிட்டோம் என்று சொல்ல விடாதீர்கள்.

பள்ளிவாசல், மதரஸா, கபரஸ்தான் நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் சொத்துகளின் சர்வே எண், பட்டா, எல்லை அளவு, வக்ஃப் வாரியப் பதிவு ஆகியவை இன்று உங்கள் கையில் சரியாக இருக்கின்றனவா? வக்ஃப் நிலத்தைக் கையகப்படுத்த முனைந்தால் வக்ஃப் வாரியத்துக்கு அறிவிப்பு தர வேண்டும் என்று வக்ஃப் சட்டத்தின் 91ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் பதிவே இல்லாத நிலத்துக்கு யார் அறிவிப்பு தருவார்? சர்வேயர் வாசலுக்கு வந்த பிறகு பெட்டியைத் திறந்து பத்திரம் தேடுவதில் பயனில்லை. இன்றே தேடுங்கள்.

பொறுமையும் வேண்டும். சாத்தியக்கூறு ஆய்வு முடிந்து, விரிவான திட்ட அறிக்கை வந்து, மாநில அரசு ஏற்று, மத்திய அரசு ஒப்புதல் அளித்து, கடன் கிடைத்து, நிலம் எடுத்து, அதன் பிறகுதான் கட்டுமானம். திண்டிவனம் - நகரி புதிய ரயில் பாதைக்கு 2006-07ல் அனுமதி கிடைத்தது. ஆற்காடு வழியாக வர வேண்டிய பாதை அது. அன்று இனிப்பு வழங்கிக் கொண்டாடியவர்களின் பிள்ளைகள் இன்று கல்லூரிக்குப் பேருந்தில்தான் போகிறார்கள். அறிவிப்பைக் கேட்டு மகிழ்ந்துவிட்டு மறந்துபோகும் சமுதாயத்துக்கு அறிவிப்பு மட்டும்தான் மிஞ்சும். விடாமல் கேட்டதால் கிடைத்ததும் உண்டு. சென்னை கடற்கரையிலிருந்து வேலூர் கண்டோன்மெண்ட் வரை ஓடிய ரயில், மக்களின் நீண்ட நாள் கோரிக்கைக்குப் பிறகு 2024 மே மாதம் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது.

அரசுக்கு நாம் சொல்வது இதுதான்: ரயில் கொண்டு வாருங்கள். தோள் கொடுக்கத் தயாராக இருக்கிறோம். ஆனால் கல்லை ஊன்றும் முன் ஊரைக் கூட்டுங்கள். வரைபடத்தை விரித்து வையுங்கள். பேச வருகிறவர்களை எதிரிகளாகப் பார்க்காதீர்கள். அவர்கள் இந்த ரயிலில் ஏறப்போகும் பயணிகள்.

சமுதாயத்துக்கு நாம் சொல்வது இதுதான்: 1856ல் நம்மை யாரும் கேட்கவில்லை. அன்று நாம் அடிமை நாட்டு மக்கள். இன்று நாம் இந்நாட்டின் குடிமக்கள். கேட்கப்படாவிட்டால் நாமே போய்ச் சொல்ல வேண்டும். கோடு இன்னும் மையில் எழுதப்படவில்லை, பென்சிலில்தான் இருக்கிறது. அது மையாக மாறும் முன் பேசுவோம்.

ஒன்றுபடுவோம்! கணக்கோடு கேட்போம்! இன்ஷா அல்லாஹ், நம் ஊருக்கும் ரயில் வரும்!